சைகோன் ஒழுங்கையில் பாணும் கோப்பியும்

வெளிநாட்டுப் பயணம் என்றால் எம்மில் பலருக்கு இரண்டு விதமான பயணங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று வீட்டுப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போவது. மற்றது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அகதியாகப் போவது. ஓர் ஊரைப் பார்த்து, அங்குள்ள பெண்களுடன் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவது எமக்குப் பழக்கமில்லாத ஒன்று. அப்படியான ஒரு வாய்ப்பு 2024ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் எனக்குக் கிடைத்தது. பெண்களின் வாழ்வாதாரம் தொடர்பான பத்து நாள் பயிற்சிக்காக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குச் சென்றிருந்தேன். அந்நாட்டின் தெற்கிலுள்ள மிகப் பெரிய நகரம் அது. 1976இல் அதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ஆனாலும் அங்குள்ளவர்கள் பேச்சில் இன்னமும் சைகோன் என்றே சொல்கின்றார்கள்.

பயிற்சியில் சொல்லித்தந்தவை கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. நான் இங்கே எழுதப்போவது, தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் தினமும் காலையில் சாப்பிட்ட இடத்தைப் பற்றி. வியட்நாம் யுத்தம் 1975 ஏப்பிரல் 30ஆம் திகதி முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து அங்குள்ள பெண்கள் எப்படி இருக்கின்றார்கள் என்ற கேள்வி போகும்போதே என் மனதில் இருந்தது. அதற்கு ஓரளவாவது விடை கிடைத்தது அந்த ஒழுங்கையில்தான்.

ஒழுங்கையும் உறவுமுறையும்

அப்போது மூன்றாம் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட பகுதியில் எமது விடுதி இருந்தது. 2025 யூலையில் நகரத்தின் மாவட்டப் பிரிவுகள் நீக்கப்பட்டுவிட்டன. சைகோனில் பெரிய வீதிகளை விட ஒழுங்கைகள்தான் அதிகம். ஒழுங்கையை அவர்கள் "ஹெம்" என்கின்றார்கள். ஒழுங்கைக்குள் ஒழுங்கை, அதற்குள்ளும் ஓர் ஒழுங்கை. அதனால் வீட்டு இலக்கங்களும் கோடு போட்டுக் கோடு போட்டு நீண்டுகொண்டே போகும். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கவேண்டும். வீடுகள் ஒடுங்கியவை. சமையல், துவைத்த உடுப்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும்.

நான் சாப்பிட்ட கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டி பொருத்திய தள்ளுவண்டி. அதுதான் பாண்கடை. அதை ஒட்டினாற்போல் ஒரு பதிந்த மேசை, ஒரு ஐஸ் பெட்டி, பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் குவளைகள். அதுதான் கோப்பிக்கடை. இருப்பதற்கு முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்ரிக் முக்காலிகள். இப்படிக் குந்தியிருந்து குடிக்கும் தெருக் கோப்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் "தேரைக் கோப்பி". குந்தியிருக்கும் எங்களைப் பார்த்தால் தேரை போலத்தான் இருக்கும்.

எமது பெண்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு விடயம். வியட்நாமிய மொழியில் "நீ", "நீங்கள்" என்று பொதுவாகக் கூப்பிட முடியாது. எதிரே இருப்பவர் அக்காவா, தங்கச்சியா, மாமியா, பாட்டியா என்று முறை பார்த்துத்தான் வாய் திறக்கவேண்டும். வயதில் மூத்த பெண் "சி", இளையவர் "எம்". தாயின் தங்கை முறையானவர் தென்பகுதி உச்சரிப்பில் "யீ", அதாவது எமது சின்னம்மா. தெற்கில் பிள்ளைகளை எண் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் உண்டு. மூத்த பிள்ளையை "இரண்டு" என்று தொடங்குவார்கள். ஆகவே மூன்றாவது பிள்ளை "நாலு". மனைவிக்கும் கணவனின் எண்ணே வந்துசேரும். பாண் விற்பவரை ஒழுங்கை முழுவதும் "நாலாம் சின்னம்மா" என்றே அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன்.

பாணுக்குள் ஒரு வரலாறு

அவர்களுடைய பாணின் பெயர் "பான் மீ". எமது "பாண்" போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அவர்களது "பான்" மாப்பண்டங்களைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல், "மீ" என்றால் கோதுமை. சொல் உள்ளூர் என்றாலும் பண்டம் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது. ஒரு சாண் நீளம், இரு முனையும் ஒடுங்கியிருக்கும். மேல்தோல் எமது றோஸ் பாணை விட மெல்லியது. கடித்தால் நொருங்கும், உள்ளே பஞ்சு போலக் காற்று.

நாலாம் சின்னம்மா பாணைக் கத்தரிக்கோலால் பக்கவாட்டில் பிளப்பார். ஈரலை அரைத்துச் செய்த "பாத்தே" என்னும் பசையை ஒருபுறம் பூசுவார். முட்டை மஞ்சட்கருவையும் எண்ணெயையும் அடித்தெடுத்த வெண்ணெய் போன்ற ஒன்றை மறுபுறம் பூசுவார். பிறகு வாழையிலையில் சுற்றி அவித்த பன்றியிறைச்சித் துண்டுகள், வெள்ளரிக்காய், வினாகிரியில் ஊறிய கரட்டும் முள்ளங்கியும், கொத்தமல்லி இலை, பச்சை மிளகாய், கடைசியாக இரண்டு துளி சோயா. ஒரு பாண் முடிய ஒரு நிமிடம் ஆகாது. பழைய கடதாசியில் சுற்றி இறப்பர் பட்டி போட்டுக் கையில் தருவார்.

நான் பன்றியிறைச்சி சாப்பிடுவதில்லை. சைகையால் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு முட்டையைச் சிறிய தாச்சியில் பொரித்து உள்ளே வைத்தார். முதல் நாள் வந்த பாண் அதுதான். புளிப்பும் உறைப்பும் மல்லி வாசமும் முட்டையின் சூடும் சேர்ந்து வந்தபோது, இது பிரெஞ்சுக்காரரின் சாப்பாடு என்று யாரும் சொல்ல முடியாது என நினைத்தேன். பயிற்சிக் காலத்தின் இடையில் பௌர்ணமி வந்தது. அன்று வண்டியில் இறைச்சியே இல்லை. தோஃபு, காளான் வைத்த மரக்கறிப் பாண் மட்டும். பௌத்தர்கள் பலர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மச்சம் தவிர்க்கின்றார்கள். விரத நாளில் என்ன விற்கும் என்பது நாலாம் சின்னம்மாவுக்கு மனப்பாடம்.

இப்படி எல்லாவற்றையும் பாணுக்குள் வைத்துக் கையில் கொடுக்கும் முறையும் ஓர் இடப்பெயர்வோடு தொடர்புடையது. 1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையால் வியட்நாம் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது பத்து இலட்சம் பேர்வரை வடக்கிலிருந்து தெற்குக்கு இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் ஒரு தம்பதியர் 1958இல் சைகோனில் "ஹொவா மா" என்ற கடையைத் திறந்தார்கள். அதுவரை பாணும் இறைச்சியும் பீங்கானில் தனித்தனியாக வைத்து, மேசையில் இருந்து சாப்பிடும் உணவு. அவசரமாக வேலைக்குப் போகிறவர்களுக்காக அவற்றை ஒன்றாகப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தது இந்தக் கடைதான் என்று சைகோனில் சொல்லப்படுகின்றது. 1975க்குப் பின்னர் படகேறிப் போனவர்கள் இதே பாணை அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள். 2011இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியிலும் "பான் மீ" ஒரு சொல்லாகச் சேர்ந்துவிட்டது.

கோப்பி சொட்டும் நேரம்

கோப்பி விற்பவர் அறுபதைத் தாண்டிய இன்னொரு பெண். வடபகுதி உச்சரிப்பில் பேசுவார். குவளையின் அடியில் இரண்டு விரல் அளவுக்கு ரின்பால் ஊற்றி, அதன்மேல் ஒரு சிறிய அலுமினிய வடியை வைப்பார். அதற்குள் கோப்பித்தூள், மேலே கொதிநீர். கோப்பி துளித்துளியாகச் சொட்டும். ஐந்து நிமிடமாவது காத்திருக்கவேண்டும். பிறகு நன்றாகக் கலக்கி ஐஸ் கட்டிகளைப் போட்டுக் குடிப்பது. கறுப்பாக, கசப்பாக, கடும் இனிப்பாக இருக்கும். பசுப்பால் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் பிரெஞ்சுக்காரர் ரின்பாலைச் சேர்த்த பழக்கம், பிறகு ஊர்ப் பழக்கமாகிவிட்டது.

கோப்பிச் செடியை 1857இல் பிரெஞ்சு மதகுருமார் வியட்நாமுக்குக் கொண்டுவந்தார்கள். இலங்கையும் ஒருகாலத்தில் கோப்பி நாடுதான். 1869இல் தொடங்கிய இலைநோய் எமது கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதன்பிறகே மலையகம் தேயிலைக்கு மாறியது. இன்று பிரேசிலுக்கு அடுத்ததாக உலகில் அதிகம் கோப்பி விளைவிக்கும் நாடு வியட்நாம்.

அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பிடித்துப்போனது. பக்கத்து வீட்டுத் தையற்காரி, சந்தைக்குப் போய்வந்த பாட்டி, இரவு வேலை முடிந்து வந்த தொழிற்சாலைப் பெண்கள் என்று எல்லோரும் வந்து குந்தியிருந்தார்கள். எமது ஊர்களில் தேத்தண்ணிக்கடை வாங்கில் ஆண்களுக்கு உரியது. ஒரு பெண் தனியாகப் போய் அங்கு இருந்து தேத்தண்ணி குடித்தால் அன்று மாலையே ஊர் கதைக்கும். அங்கு என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விற்பவர்களும் பெண்கள், வாசலும் பெண்களின் வாசல் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு வாசல், இரண்டு கணக்கு

பாண்கடையும் கோப்பிக்கடையும் ஒன்றென்றே முதல் இரண்டு நாளும் நினைத்திருந்தேன். மூன்றாம் நாள், பயிற்சி நிலையத்தில் பணிபுரிந்த ஓர் இளம்பெண் மொழிபெயர்க்க என்னோடு வந்தார். அப்போதுதான் இரண்டும் தனித்தனி என்று தெரிந்தது. காசும் தனித்தனியாகத்தான் கொடுக்கவேண்டும். கலவைப் பாண் 25,000 டொங், முட்டைப் பாண் 20,000, கோப்பி 20,000. தொகை பெரிதாகத் தெரிந்தாலும் 25,000 டொங் என்பது அப்போது எமது பணத்தில் 300 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு.

நாலாம் சின்னம்மாவிடம் வாசல் இருந்தது. கோப்பிக்காரப் பெண்ணின் வீடு ஒழுங்கையின் உட்கோடியில், ஆள் வராத இடத்தில் இருந்தது. அவர் இங்கு வந்து மேசை போட்டார். வாடகைக்குப் பதிலாக அதிகாலையில் இடம் கூட்டுவதும், இரண்டு கடைக்கும் ஐஸ் எடுப்பதும், எல்லாப் பாத்திரமும் கழுவுவதும் அவர் பொறுப்பு. பாண் சாப்பிட வருபவர் கோப்பி குடிப்பார், கோப்பிக்கு வருபவருக்குப் பாண் வாசம் பசியைக் கிளப்பும்.

பாணை நாலாம் சின்னம்மா சுடுவதில்லை. ஒழுங்கை முனையிலுள்ள வெதுப்பகத்திலிருந்து காலை ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் இரண்டு தடவை சூடாக வருகின்றது. ஒன்று 4,000 டொங். கரட், முள்ளங்கி சீவி ஊறவைத்துத் தருவது இரண்டு வீடு தள்ளியிருக்கும், கணவனை இழந்த ஒரு பெண். அவித்த இறைச்சி சந்தையிலிருந்து வருகின்றது. பாத்தே மட்டும் நாலாம் சின்னம்மாவின் சொந்தக் கைப்பக்குவம். அதைச் செய்ய இரவில் இரண்டு மணி நேரம் போதும். ஒரு நாளில் 150 பாண் அளவில் விற்று, பத்து மணிக்கு வண்டியை உள்ளே தள்ளிவிடுகின்றார்.

முதலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "சீட்டு" என்றார். அவர்கள் அதை "ஹுயி" என்கின்றார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் மாதாமாதம் காசு போட்டு, முறை வைத்து ஒருவர் எடுக்கும் எமது சீட்டேதான். பிடிப்பவர் ஓடிப்போய்ச் சீட்டு முறிந்த கதைகளும் அங்கு நிறையவே உண்டு. 2002இல் அரசு தொடங்கிய சமூகக் கொள்கை வங்கியும், மகளிர் சங்கம் போன்ற அமைப்புகளின் சேமிப்புக் குழுக்கள் ஊடாகக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கின்றது. எமது பிரதேசங்களில் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் நுண்கடன்காரரை நான் நினைத்துக்கொண்டேன்.

நான் பணிபுரியும் வன்னியில், வாழ்வாதார உதவி என்று ஒரு கிராமத்தில் இருபது பெண்களுக்கும் இருபது தையல் இயந்திரம் கொடுத்ததைப் பார்த்திருக்கின்றேன். இருபது பேருக்கும் கோழிக்குஞ்சு கொடுத்ததையும் பார்த்திருக்கின்றேன். எல்லோரும் ஒரே பொருளைச் செய்தால் யார் யாரிடம் வாங்குவது? பெண்குடும்பத் தலைவி ஒருவர் தானே மா வாங்கி, தானே சுட்டு, தானே பொதிசெய்து, தானே கடை கடையாகக் கொண்டுபோய், இரவில் கணக்கும் எழுதவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று எல்லாமே நின்றுவிடும். சைகோன் ஒழுங்கையில் ஒரு பாணுக்குப் பின்னால் நாலைந்து குடும்பங்களின் உழைப்பு இருந்தது. ஒருவருக்கு இயலாத நாளில் மற்றவர் அந்த வேலையைப் பார்க்கக்கூடியதாகவும் இருந்தது.

இரண்டு சுவர்கள்

இந்த இரண்டு பெண்களும் யுத்தத்தில் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல.

நாலாம் சின்னம்மாவின் தமையன் தென்வியட்நாம் இராணுவத்தில் இருந்து 1972இல் இறந்தார். கணவரும் அதே இராணுவத்தில் சாரதி. யுத்தம் முடிந்தபின் "மறுகல்வி முகாம்" என்ற தடுப்பு முகாமில் மூன்று ஆண்டுகள் இருந்தார். அந்நாட்களில் அரிசி பங்கீட்டுக்குத்தான். சோறு போதாமல் "போபோ" என்ற தடித்த தானியத்தை அவித்துச் சாப்பிட்டதாகச் சொன்னார். 1978இல் தெற்கில் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டபோது, கூடையில் பாணை மறைத்துவைத்துத் தெருத்தெருவாக விற்றிருக்கின்றார். 1986இல் அரசு பொருளாதாரக் கொள்கையை மாற்றியபிறகே வெளிப்படையாக வண்டி போடமுடிந்தது. தங்கை 1979இல் படகேறி, மலேசிய முகாம் ஒன்றில் இருந்து அவுஸ்திரேலியா போனார். அந்த ஆண்டுகளில் படகேறிய வியட்நாமியர்களில் எட்டு இலட்சம் பேரளவில் கரைசேர்ந்தார்கள். இலட்சக்கணக்கானோர் கடலில் மாண்டதாக ஐ.நா. அகதிகள் நிறுவனம் மதிப்பிட்டிருக்கின்றது. மன்னார்க் கடலைக் கடந்த எமது குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கோப்பிக்காரப் பெண்ணின் தகப்பன் வடவியட்நாம் படையில் தெற்குக்கு வந்து 1968இல் இறந்தவர். உடல் கிடைக்கவில்லை. வியட்நாமில் அப்படி எச்சங்கள் கண்டுபிடிக்கப்படாதவர்கள், கிடைத்தும் அடையாளம் தெரியாதவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றார்கள். அப்பெண் 1980களில் கணவருடன் சைகோனுக்கு வந்து அரச நெசவாலையில் வேலை செய்து, ஆட்குறைப்பில் வேலையிழந்தபின் கோப்பி விற்கத் தொடங்கினார். அவருடைய வீட்டுச் சுவரில், தகப்பனின் தியாகத்துக்காக அரசு வழங்கிய சான்றிதழ் சிவப்புச் சட்டத்தில் தொங்குகின்றது. ஒவ்வொரு யூலை 27ஆம் திகதியும், போரில் மாண்டோர் மற்றும் காயமுற்றோர் நினைவு நாளன்று, உள்ளூர் அதிகாரிகள் பரிசுப் பொதியுடன் வருவார்கள்.

நாலாம் சின்னம்மாவின் சுவரில் தமையனின் சிறிய கறுப்புவெள்ளைப் படம் மட்டும்தான் இருக்கின்றது. சான்றிதழ் இல்லை, கொடுப்பனவு இல்லை, வருவதற்கு அதிகாரிகளும் இல்லை. தோற்ற பக்கத்தில் இறந்த பிள்ளைகளுக்கு அந்நாட்டில் அரச நினைவுநாள் கிடையாது. ஐம்பது ஆண்டுகளின் பின்னும் அந்த நிலை மாறவில்லை.

ஆனால் வீட்டுத் திவசம் இருக்கின்றது. இறந்தவரின் திதியில், அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, அயலவரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பதை அவர்கள் "யோ" என்கின்றார்கள். தமையனின் திவசத்தன்று கோப்பிக்காரப் பெண் பழத்தட்டுடன் வந்து ஊதுபத்தி கொளுத்துவார். தகப்பனின் திவசத்துக்கு நாலாம் சின்னம்மா போய்ச் சமையலில் நிற்பார். உடல் கிடைக்காததால் இறந்த திகதி தெரியாது. வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளையே திதியாக வைத்திருக்கின்றார்கள்.

"இரண்டு பேரும் யுத்தத்தைப் பற்றிக் கதைப்பீங்களா?" என்று மொழிபெயர்த்த பெண்ணூடாகக் கேட்டேன்.

நாலாம் சின்னம்மா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "என்னத்தைக் கதைக்கிறது, பிள்ளை? அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் ஐஸ் விலையைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறது."

கோப்பிக்காரப் பெண் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். "என்ர அப்பாவின்ர படத்துக்கு முன்னால அழுறதுக்கு எனக்கு ஒருநாளும் பயமிருக்கேல்ல. இவவுக்குக் கனகாலம் அந்தப் பயம் இருந்தது. அதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டன்."

அந்த வசனத்தை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

திரும்பி வந்து யோசிக்கும்போது

இதை ஒரு நல்லிணக்கக் கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. பாணும் கோப்பியும் விற்றதால் அங்கு நீதி கிடைத்துவிடவில்லை. ஒரு சுவரில் சான்றிதழும் மறுசுவரில் வெறும் படமும் இருக்கும்வரை அந்தக் கணக்கு முடியப்போவதில்லை. வியாபாரமும் பாதுகாப்பானது அல்ல. 2017இல் நகரத்தின் நடைபாதைகளைத் துப்புரவாக்குவதாகச் சொல்லித் தெருவோரக் கடைகள் அகற்றப்பட்டன. ஒழுங்கைக்குள் இருப்பதால் இவர்கள் தப்பினார்கள். இருவருக்கும் ஓய்வூதியம் இல்லை. நாலாம் சின்னம்மாவுக்கு முழங்கால் வலி. மருமகள் வண்டியை எடுப்பாளா என்பதும் நிச்சயமில்லை.

ஆயினும் இரண்டு விடயங்களை எமது பெண்கள் குழுக்களில் கதைத்துப் பார்க்கலாம் என நினைக்கின்றேன். முதலாவது, ஒரே தொழிலை இருபது பேர் செய்வதைவிட ஒரு தொழிலின் இருபது வேலைகளைப் பிரித்துக்கொள்ள முடியுமா என்பது. எமது கிராமங்களிலும் வெதுப்பகம் இருக்கின்றது, வீதியோரத்தில் வாசல் உள்ளவர் இருக்கின்றார், கைப்பக்குவம் உள்ளவர் இருக்கின்றார். சூன் பாண் ஓட்டோ கூட வருகின்றது. இரண்டாவது, ஒருவர் வீட்டுத் திவசத்துக்கு மற்றவர் போவது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகத் தெருவில் இருக்கும் தாயும், மாவீரரின் தாயும், எல்லைக் கிராமத்தில் கொல்லப்பட்டவரின் மனைவியும் எமது குழுக்களில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றார்கள். ஒருவர் அழும் நாள் மற்றவருக்குத் தெரியுமா?

செய்து பார்க்க: பாணுக்குள் வைக்கும் ஊறுகாய்

கரட் 250 கிராமையும் வெள்ளை முள்ளங்கி 250 கிராமையும் தீக்குச்சி அளவில் நீளமாகச் சீவிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் வையுங்கள். முள்ளங்கித் துண்டு முறியாமல் வளைந்தால் பதம் சரி. கழுவி நன்றாகப் பிழிந்தெடுங்கள். அரைக் கோப்பை வினாகிரி, ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீர், கால் கோப்பை சீனி ஆகியவற்றைக் கரைத்து, அதில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் அன்றன்று செய்வது நல்லது. சூடான றோஸ் பாணைப் பிளந்து, பொரித்த முட்டை, இந்த ஊறுகாய், வெள்ளரிக்காய், கொத்தமல்லி இலை, பச்சை மிளகாய் வைத்துக் கொடுத்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். வீதியோரத்தில் விற்கவும் ஏற்றது.